ஆபீஸை விட்டாச்சு

எனக்கு மிக்ஸி பிடிக்கும். திருகினால் ஓடும், திருப்பினால் நிற்கும். நான் ஒழுங்காகச் சட்னி அரைக்கிறேனா என்று யாரிடமும் போய்ச் சொல்லாது. மின்சார ரயிலும் பிடிக்கும். நான் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அது பாட்டுக்குப் போகிறது. என்னை வேவு பார்க்கிற இயந்திரம் மட்டும் எனக்கு ஆகாது. கொள்கை ஒன்றும் இல்லை, பட்ட பாடு.

இப்போது படப்பையில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்குப் பார்க்கிறேன். கடைக்கார பாய்க்கு நான் வேலை செய்கிறேனா என்று தெரிய வேண்டுமானால் எட்டிப் பார்த்து, "சார், டீ சொல்லவா?" என்பார். எனக்கு அந்த அளவு கண்காணிப்பு போதும். இங்கே வந்து சேர்ந்தது என் துணிச்சலால் அல்ல. குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாரான கதை அது.

அதற்கு முன் பல வருஷம் கிண்டியில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தேன். பிடித்த வேலைதான். ஒருநாள் எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் ஒரு பச்சைப் புள்ளியை வைத்தார்கள். மவுஸ் கொஞ்ச நேரம் அசையாவிட்டால் புள்ளி சாம்பல் நிறமாகும், மேலதிகாரிக்குத் தெரிந்துவிடும். காகிதத்தில் கூட்டிச் சரிபார்த்தால் நான் சும்மா இருக்கிறேன் என்று அர்த்தம். யோசித்தாலும் சும்மா இருக்கிறேன் என்று அர்த்தம். மவுஸை வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் உழைப்பாளி. பக்கத்து சீட்டுக்காரர் மவுஸுக்கு அடியில் தன் கைக்கடிகாரத்தை வைத்துவிட்டார். முள் ஓட ஓடப் புள்ளி பச்சையாகவே இருந்தது. "சார், நீங்களும் ஒரு வாட்ச வைங்க, பேஜாரே இல்ல" என்றார். அந்த மாதத்தின் சிறந்த ஊழியர் அவர்தான்.

எனக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாலும் ஒரு கண் புள்ளி மேலேயே இருக்கும். விட்டுத் தொலைத்துவிடலாம் என்று தினமும் தோன்றும், சொல்லத்தான் வாய் வராது. மகள் காலேஜில் படிக்கிறாள். மனைவி பள்ளிக்கூட டீச்சர். ஒரே சம்பளத்தில் வீடு ஓடாது, சொன்னால் அவள் இடிந்து போவாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். இந்த வயதில் என்னை யார் கூப்பிட்டு வேலை கொடுக்கப் போகிறார்கள் என்ற பயம் வேறு.

சாயங்காலம் ரயில் ஏறியதும் அவளுக்கு ஒரு மெசேஜ் அனுப்புவேன்: "ஆபீஸ் விட்டாச்சு." ஊரப்பாக்கத்தில் நான் இறங்குவதற்குள் அவள் குக்கரை வைத்துவிடுவாள். தமிழைத் தமிழ் எழுத்தில்தான் அடிப்பேன் என்பது என் வீம்பு. "அப்பா, மெய்யெழுத்துக்கெல்லாம் ஒழுங்கா புள்ளி வெச்சு மெசேஜ் பண்றது இந்த ஏரியாவுலயே நீங்க ஒருத்தர்தான்" என்று மகள் கிண்டல் செய்வாள். என் புள்ளிகள் யாரையும் வேவு பார்ப்பதில்லை என்பேன்.

அன்று கிண்டியில் சரியான கூட்டம். ஒரு கை கம்பியில், மறு கையில் போன். நான் அடித்து முடிப்பதற்குள் கீபோர்டு முந்திக்கொண்டு சொற்களை நீட்டியது: ஆபீஸ், ஆபீஸை, ஆபீஸில். யாரோ முதுகில் பையால் இடித்தார்கள். கட்டைவிரல் எதையோ தொட்டது. மீதியை அடித்து அனுப்பிவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

தாம்பரத்தில் பாதி வண்டி இறங்கியது. உட்கார இடம் கிடைத்ததும் போனை எடுத்தால் அவளுடைய பதில். "நெஜமாவா? அப்பாடா! இப்பதான் எனக்கு நிம்மதியா இருக்கு. வாங்க, பாயசம் வைக்கிறேன்."

ஆபீஸ் விட்டதற்கு எந்த வீட்டில் பாயசம் வைக்கிறார்கள்? நான் அனுப்பியதைப் பார்த்தேன். "ஆபீஸை விட்டாச்சு" என்று இருந்தது. ஆபீஸ் விட்டால் நாளைக்கு மறுபடி போக வேண்டும். ஆபீஸை விட்டால் போகவே வேண்டாம். இரண்டாம் வேற்றுமை உருபு ஐ என்று பள்ளிக்கூடத்தில் தலையில் குட்டி உருப்போட வைத்தார்கள். அது இவ்வளவு பெரிய வேற்றுமை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

"தப்பா விழுந்துடுச்சும்மா" என்று அடித்தேன், அனுப்பாமல் அழித்தேன். பெருங்களத்தூரில் மறுபடி அடித்தேன். வண்டலூரில் மறுபடி அழித்தேன். அவள் போட்டிருந்த அந்த அப்பாடாவைத் திருப்பி வாங்க எனக்கு மனசு வரவில்லை. நடக்காத ஒன்றுக்காக எனக்கே மூச்சு லேசாக வந்துகொண்டிருந்தது.

வீட்டில் ஏலக்காய் வாசனை. "என்னங்க சொன்னாங்க? உடனே ஒத்துக்கிட்டாங்களா?" என்று டம்ளரை நீட்டினாள். அதைக் கையில் வாங்கிக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை. மேஜை மேல் வைத்துவிட்டு, "நான் வேலைய விடல. அது கீபோர்டு போட்ட ஐ" என்றேன்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். விழப்போகிறது திட்டு என்று காத்திருந்தேன்.

"டிவி பாக்கும்போது உங்க வலது கை சோபா மேல வட்டம் போட்டுக்கிட்டே இருக்கு. உங்களுக்குத் தெரியுமா?"

"எப்ப?"

"இப்பவும்தான்."

குனிந்து பார்த்தேன். மேஜை விரிப்பை என் உள்ளங்கை வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"வேலைய விடுங்கன்னு நான் சொன்னா, உங்கள கையாலாகாதவர்னு நெனைக்கிறேன்னு எடுத்துப்பீங்களோன்னு பயம். நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன்."

ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் மென்று விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

"உன் சம்பளம் ஒண்ணுதான் இருக்கும். பயமா இல்லையா?"

"பயமாதான் இருக்கு. ஆனா அந்தக் கைய தெனம் பாக்கறதுக்கு இது பரவால்ல."

"சரி, அப்ப அந்த மெசேஜ அழிச்சிடட்டுமா?"

"அது எதுக்கு? மெசேஜ் சரியாதான் இருக்கு. நாளைக்குப் போய் நீங்க உங்கள திருத்திக்கிட்டு வாங்க."

மறுநாளே போய்த் திருத்திக்கொண்டு வந்தேன்.