மூடியைத் திறந்தால் டீ

1987 மே 11, திங்கட்கிழமை. கோடை விடுமுறை. காலையில் அடிபம்பில் தண்ணீர் பிடித்தோம். அப்பா முதல் ஷிப்டுக்குத் துறைமுகம் போனார். மாமா பழைய சோறு சாப்பிட்டுவிட்டு, ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த லேத் பட்டறைக்குக் கிளம்பினார். எல்லாம் வழக்கம்போலத்தான். பத்து மணிக்கு மட்டும் ஒன்று புதிதாக நடந்தது. அம்மா ஒரு தூக்கு நிறைய டீயும் ஒரு துணிப்பையும் கொடுத்து என்னைப் பட்டறைக்கு அனுப்பினாள். அப்போது எனக்கு ஒன்பது வயது.

காரணம் முந்தின நாள் மதியச் சாப்பாட்டில் இருந்தது. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, இரண்டு வருடமாக அந்தப் பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தார். இரும்பை நன்றாகக் கடைவார். மரை வெட்ட மட்டும் தெரியாது. நட்டு ஏறுவதற்காகத் தண்டின் முனையில் சுருளாக வெட்டும் பள்ளம்தான் மரை. எந்த அளவு மரைக்கு எந்தப் பல்சக்கரங்களை மாட்டுவது என்பது அந்தப் பழைய லேத்தில் மேஸ்திரி ஒருவருக்கே தெரியும். அடுத்த வாரம் திருவொற்றியூர்க் கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள். மரை வெட்டிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் மாமா மறுபடி காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கப் போக வேண்டியதுதான்.

“ரெண்டு வருசமா இன்னாடா பாத்துகினு இருந்த?” என்றாள் அம்மா.

“மேஸ்திரி எங்கக்கா பாக்க வுடறாரு? கியர் மூடியத் தொறந்தாலே அவருக்கு டீ வேணும். நான் வாங்கினு வர்றதுக்குள்ள மாட்டிட்டு மூடிர்றாரு.”

அம்மா குழம்பிலிருந்து இன்னொரு மீன் துண்டை எடுத்து மாமாவின் தட்டில் போட்டாள்.

நான் போனபோது பட்டறையில் ஒரு படகுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய இரண்டு படகுகளின் விசிறியைச் சுழற்றும் இரும்புத் தண்டுகள் தரையில் கிடந்தன. மேஸ்திரி லேத்தின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, மாமாவைப் பார்த்தார்.

“டேய், ஒரு டீ வாங்கினு வா.”

“டீ கீது மேஸ்திரி, அம்மா குடுத்தாங்க” என்று தூக்கை நீட்டினேன்.

அவர் டீயையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். குடித்தார். “வெறும் டீயா? ரெண்டு பொறை வாங்கினு வாடா.” பையிலிருந்து பொறை ரொட்டியை எடுத்தேன். “பீடி?” அதுவும் இருந்தது. “தீப்பெட்டியும் கீது” என்று நானே முந்திக்கொண்டேன்.

படகுக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். “இன்னா நைனா, பொட்டிக்கடையே நடந்து வந்துகீது! சீக்கிரம் மாட்டு. என் போட்டு கரைல குந்திகினு கீது.”

வேறு வழியில்லாமல் மேஸ்திரி சுவரில் தொங்கிய சக்கரங்களை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினார். மாமா கண் இமைக்கவில்லை. முதல் தண்டு முடிந்ததும் மேஸ்திரி பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி சுவரில் மாட்டிவிட்டார்.

“இப்பிடி மொறைச்சிப் பாத்துகினு கீறானே, ரெண்டாவத அவன் வெட்டட்டுமே” என்றார் படகுக்காரர்.

“வெட்டுவான், வெட்டுவான். தண்டு போச்சின்னா அப்பிடியே வூட்டுக்குப் போயிர்றான்” என்றார் மேஸ்திரி.

மாமா சக்கரங்களை எடுத்தார். ஒன்றை மாட்டிவிட்டு, நின்று யோசித்து, கழற்றி வேறொன்றை மாட்டினார். லேத் ஓடியது. இரும்புச் சுருள் என் காலடியில் வந்து விழுந்தது. பெரிய பித்தளை நட்டை முனையில் வைத்து விரலால் ஒரு சுண்டு சுண்டினார். அது தடையில்லாமல் சுழன்று அடிவரை போய் நின்றது. படகுக்காரர் அடித்த விசிலில் தெருநாய் குரைத்தது.

மேஸ்திரி நட்டைக் கழற்றிப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. என் பக்கம் திரும்பி, “டீல சக்கரை தூக்கல்னு உங்கம்மா கைல சொல்லு” என்றார்.

நடந்ததையும் இதையும் அப்படியே போய்ச் சொன்னேன். அம்மா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். டீயைக் குறை சொன்னதற்கு ஒருவர் ஏன் இப்படிச் சிரிக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

மாமா அந்தக் கம்பெனியில் சேர்ந்து, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றார். நான் தொழிலாளர் பொருளாதாரம் படித்து, பட்டறை பட்டறையாகப் போய், வேலை பழகுகிறவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்கிறேன். சொல்லிக்கொடுத்தால் தன் இடம் போய்விடும் என்று மேஸ்திரி பயந்தது நியாயம்தான். அந்தப் பயத்தைப் பற்றியே நிறைய எழுதியிருக்கிறேன். என் முதல் கேள்வித்தாளில், ‘இங்கே டீ வாங்கப் போவது யார், எப்போது?’ என்று சேர்த்தபோது ஆய்வுக் கூட்டமே சிரித்தது. இன்று என் மாணவர்கள் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். அதன் பதில் சொல்லும் அளவுக்கு எந்தப் பயிற்சிச் சான்றிதழும் எனக்கு ஒரு பட்டறையைப் பற்றிச் சொன்னதில்லை.

அன்று இதெல்லாம் தெரியாது. மேஸ்திரிக்கு டீ கொண்டுபோவதே என் வேலை, அதை நான் நன்றாகச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்துத் தூங்கினேன்.

மறுநாள் காலை அம்மா முதல் வேலையாக டீ போட்டாள். சர்க்கரையை ஒரு கரண்டி குறைத்தாள். நான் நீட்டிய கையைத் தாண்டி, தூக்கை மாமாவிடம் கொடுத்து, “போனவொடனே நீயே ஊத்திக் குடு” என்றாள். என் முதல் வேலை ஒரே நாளில் போய்விட்டது. நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன்.