விலைக்கு வாங்கப்பட்ட மெர்க்காதா

எங்கள் சலோனிகா நகரத்து யூதர்களிடையே ஒரு பெண்ணின் பெயர் மெர்க்காதா என்று சொன்னால் கேட்பவர் புருவம் தானாக உயரும். 'விலைக்கு வாங்கப்பட்டவள்' என்று அர்த்தம். குழந்தை சாகக் கிடந்தால், பிள்ளைகள் நன்றாகப் பிழைத்திருக்கிற அண்டை வீட்டுக்காரியிடம் ஒரு செப்புக்காசுக்கு விற்றுவிடுவார்கள். அதன்பிறகு பழைய பெயரை யாரும் வாயால்கூடச் சொல்லக்கூடாது. பழைய பெயரைச் சொல்லித் தேடிவரும் சாவுத் தூதன் ஆளைக் காணாமல் திரும்பிவிடுவான்.

சாவுத் தூதன் ஏமாந்தான், சரி. மாமியார்கள் ஏமாறுவார்களா?

என்னோடு புகையிலைக் கிடங்கில் இலை பிரித்த மெர்க்காதாவுக்கு இருபத்தாறு வயதாகியும் கல்யாணம் கூடவில்லை. இரண்டு வரன்கள் பெயரைக் கேட்டே ஓடிவிட்டார்கள். மூன்றாவதாக வந்தவன் தொப்பிக்கடை வித்தாலி. அவள்மேல் அவனுக்குக் கொள்ளை ஆசை, அவளுக்கும் அப்படித்தான். அவன் அம்மா ஜோயாவுக்குத்தான் சந்தேகம். பெண் பார்க்க வந்த அன்றைக்கு, மெர்க்காதா ரோஜா இதழ்ப் பாகைத் தட்டில் வைத்து நீட்டினாள். ஜோயா பாகைப் பார்க்கவில்லை, தட்டைப் பிடித்த விரல் நடுங்குகிறதா என்று பார்த்தாள். இன்னொரு நாள் மூன்று தடவை மாடிக்குத் தண்ணீர் தூக்கவைத்து, மூச்சு வாங்குகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கிடங்குக்கே வந்து என்னைப் பிடித்தாள்.

"அடியே எஸ்த்ரேயா, மறைக்காமச் சொல்லு. அவளுக்கு என்ன நோவு? வலிப்பா? இருமுறாளா?"

"இந்தத் தூசியில யாருதான் இருமல? வந்து அஞ்சு நிமிஷம் ஆகல, நீங்களே இருமுறீங்களே" என்றேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உண்மையில், சின்ன வயதில் தனக்கு என்ன நோவு வந்தது என்று மெர்க்காதாவுக்கே தெரியாது. பெற்றவள் சொல்லாமலே கண்ணை மூடிவிட்டாள். வாங்கியவளோ, "பேசாதடி, பேசினா திரும்பி வந்துடும்" என்று வாயைப் பொத்துவாள். "ஒருவேளை அந்தம்மா சந்தேகம் நிஜமா இருந்துட்டா?" என்று மெர்க்காதா என் தோளில் சாய்ந்து அழுதாள். தன் உடம்பையே நம்ப முடியாமல் இருப்பது என்ன பிழைப்பு!

கல்யாணத்துக்கு முந்தின நாள் மணப்பெண்ணைச் சடங்குக் குளியலுக்காகக் குளியல் வீட்டுக்கு அழைத்துப்போவோம். அவள் முங்கி எழுந்ததும், மருமகளாக ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக மாமியார் அவள் தலைக்கு மேல் பாதாம் இனிப்பை உடைக்க வேண்டும். ஜோயா உடைக்கவில்லை. இனிப்பை ஒரு கையில் வைத்துக்கொண்டு, ஈரத்தோடு நின்றவளின் கழுத்தையும் அக்குளையும் முதுகையும் மறுகையால் தடவித் தழும்பு தேடினாள். பாட்டுப் பாடிக்கொண்டிருந்த நாங்கள் பாட்டை விட்டுவிட்டுக் கிட்டே நகர்ந்தோம்.

மெர்க்காதா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கட்டுமா? போன சனிக்கிழமை ஜெப ஆலயத்துல உங்க மகனை வேதம் படிக்க முழுப்பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. மேல பொம்பளைங்க மாடத்துல நானும் இருந்தேன். 'ஹயீம் சாமுவேல்'னாங்க. ஹயீம்னாலும் வித்தாலின்னாலும் உயிருன்னுதானே அர்த்தம்? பெத்தப்ப வச்சது சாமுவேல். சாகக் கெடந்தாத்தானே பழைய பேருக்கு முன்னால 'உயிர்'னு ஒரு பேரைக் கொண்டுவந்து ஒட்டுவாங்க?"

ஜோயா ஈரக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு வயசு. தொண்டை அடைப்பான்" என்றாள். "இவனையும் விக்கச் சொன்னாங்க. பக்கத்து வீட்டு வாசல்வரை தூக்கிட்டுப் போனேன். குடுக்க மனசு வரல. பேரை மட்டும் மாத்தினேன். அரைகுறையாச் செஞ்சுட்டேனோன்னு, அவன் ஒரு தடவை இருமினாலும் எனக்கு ஈரக்கொலை நடுங்குது."

எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"சரி, நாளைக்கு அவர் இருமினா எங்கிட்டேருந்து ஒட்டிக்கிச்சுன்னு சொல்லுவீங்களா?" என்று கேட்டாள் மெர்க்காதா.

ஜோயா தலையாட்டினாள். "சொல்லுவேன்டி. என் புத்தி அப்படி."

"அப்போ உடைங்க" என்று மெர்க்காதா அவள் முன்னால் தலை குனிந்தாள். "சொல்ல மாட்டேன்னு பொய் சொல்லியிருந்தீங்கன்னா, இப்பவே கிளம்பி வீட்டுக்குப் போயிருப்பேன்."