பிப்ரவரி 29-ஐ ஏற்காத படிவம்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையொன்றின் கணினிப் பிரிவில் நான் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களின் விவரங்களைப் பதிந்து கேட் பாஸ் அச்சடிக்கும் படிவம் என் பொறுப்பு. பிறந்த தேதியைச் சரிபார்க்க ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதியிருந்தேன். எந்த இடத்தில் எந்த இலக்கம் வரலாம் என்று சொல்லும் ஒற்றை வரி அது. ஏப்ரல் முப்பத்தொன்று என்றால் தள்ளிவிடும். பிப்ரவரியை இருபத்தெட்டோடு நிறுத்தியிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை ஏழரைக்கு கேட்டிலிருந்து போன். குன்றத்தூர் விடுதியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் பாஸ் வரவில்லை. எட்டு மணிக்குப் பயிற்சி தொடங்கிவிடும். தவறினால் அடுத்த குழு எப்போதென்று யாருக்கும் தெரியாது. ஓடினேன்.

"பிப்ரவரி இருபத்தொம்போதாம் சார்," என்றார் காவலாளி. "நாலு வருசத்துக்கு ஒரு பர்த்டே. அப்டி பாத்தா இதுக்கு அஞ்சு வயசுதான். கொழந்தைய வேலைக்கு வுட்டேன்னு என்னியப் புட்ச்சினு பூடுவாங்க. இருபத்தெட்டுன்னு போட்டுக்கினு போம்மான்னா கேக்கல."

"போட்டா பி.எஃப்.ல ஆதாரோட ஒத்து வராதுண்ணே. பொறவு நீங்களா வந்து திருத்தித் தருவிய?" என்றாள் அந்தப் பெண். தெற்கத்திப் பேச்சு.

"ஸ்கூல்ல சேக்கும்போது போட்ட தேதியா?" என்று அவளிடம் கேட்டேன். எங்கள் ஊரில் அப்படித்தான். என்னைச் சேர்த்த அன்று அப்பாவுக்கு நாள் சொல்லத் தெரியவில்லை. தலைமையாசிரியரே ஜூன் ஒன்று என்று எழுதிக்கொண்டார். அந்தத் தேதியை வைத்துத்தான் என் வரியைச் சோதித்தேன். தடையில்லாமல் போயிற்று.

"இல்ல சார். ஆஸ்பத்திரில போட்டது. எங்கம்ம நெசமாவே பெத்த நாளு."

எனக்கு முகம் சுட்டது. காவல் அறைக் கணினியிலேயே உட்கார்ந்தேன். நாலால் வகுபடுமா என்று அந்த வரிக்குக் கணக்குப் போடத் தெரியாது. இலக்கங்களைப் பார்க்க மட்டுமே தெரியும். ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களில் முதலாவது இரட்டைப்படையென்றால் அடுத்தது 0, 4, 8. ஒற்றைப்படையென்றால் 2, 6. இருபத்தொன்பதுக்கு மட்டும் இதைச் சேர்த்தேன். நாலால் வகுபட்டாலும் லீப் ஆண்டாக இல்லாத 1900 மட்டும் உதைக்கும்; ஆனால் அந்த ஆண்டில் பிறந்தவர் யாரும் வேலை கேட்டு வரப்போவதில்லை.

அவசரத்தில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போய், எந்தத் தேதி போட்டாலும் தள்ளியது.

"இன்னா சார், இப்போ யாருமே பொறக்கலியா?"

அடைப்புக்குறியைப் போட்டேன். பிரிண்டர் முனகியது. அவள் பாஸை வாங்கித் தேதியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"சரியா இருக்கு சார்."

எட்டுக்கு நாலு நிமிடம் இருந்தது. பயிற்சி அறை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே ஓடினாள்.