இரவல் போன கடைசி வாரம்

பழங்காநத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா நோயில் படுத்ததும், "அழுகாச்சி இல்லாத கதையா வாசிடி" என்றாள். வாரப் பத்திரிகையில் வந்த கிராமத்துக் காதல் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தேன். நான் படிக்கும் முன்பே இரவல் போன கடைசி வாரத்து இதழ் மட்டும் திரும்பவே இல்லை. முடிவு எனக்கும் தெரியாது. அதையே அவளுக்கு வாசித்து, கையில் இருந்த கடைசித் தாளுக்கு வந்துவிட்டேன்.

"கல்யாணம் நடந்துச்சாடி?"

"நடந்துச்சுக்கா" என்றேன், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பந்தியில என்ன போட்டாக?"

"பருப்பும் பாயாசமும்க்கா."

"கறி போடலையா? கஞ்சப் பயலுக!" என்று சிரித்தாள். மறுநாள் விடிந்தபோது அக்கா இல்லை.

இன்றும் மனசுக்கு லேசான கதை கேட்பவர்களுக்கு அந்த பைண்டு புத்தகத்தைத்தான் கொடுக்கிறேன். வீட்டில் தனியாக இருக்கும்போது, "பொண்ணு என்ன சேல கட்டுனா?" என்று அக்காவின் குரல் கேட்கிறது. நானும் ஏதோ ஒரு நிறம் சொல்கிறேன்.