சாம்பிள் கோழி

கறுப்புக் கோழியின் சிறகை விசிறிபோல் விரித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் செக்கிங் அக்கா. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. தீய்ந்த வாசனை தெரு வரை போயிருக்கும். அவள் திரும்பவில்லை. ஒன்றைக் கையில் எடுத்துவிட்டால் அதை முடித்துவிட்டுத்தான் அடுத்தது.

ஓடிவந்து பாலை இறக்கியவர் அவள் கணவர். டிரைவிங் ஸ்கூலில் வண்டி கற்றுக்கொடுப்பவர். அக்கம்பக்கத்தில் அவருக்கு மாஸ்டர் என்று பெயர். பகல் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஊரார் செய்யும் தப்புக்கெல்லாம் பிரேக் போடுகிறவர். வீட்டுக்குள் மட்டும் அவர் காலடியில் பிரேக் கிடையாது.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. இந்தப் பக்கம் இறகு கம்மியா இருக்கு."

"கோழிக்கு இறகு எண்ணிப் பாக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

"எண்ணாம எப்படித் தெரியும்?" என்றாள், அடுத்த சிறகை விரித்துக்கொண்டே.

அக்காவுக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் வேலை. தைப்பதல்ல; தைத்து வந்ததைச் சோதிப்பது, அதாவது செக்கிங். நீள மேஜை, தலைக்கு மேல் டியூப்லைட், முன்னால் குவியல் குவியலாகச் சட்டை. ஒவ்வொன்றையும் உள்ளும் புறமும் புரட்டி, தையல் விட்டிருக்கிறதா, பட்டன் ஆடுகிறதா, ஒரு கை நீளமாகவும் மறு கை குட்டையாகவும் இருக்கிறதா என்று பார்த்து, குறை இருக்கும் இடத்தில் அம்புக்குறி போட்ட குட்டி ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்க வேண்டும். அவள் கண்ணுக்குத் தப்பிய கோணல் தையல் இனிமேல்தான் பிறக்கவேண்டும் என்று சூப்பர்வைசரே சொல்வாராம். கம்பெனிக்கு அது லாபம். ஆனால் வேலை முடிந்து வரும்போது அந்தக் கண்ணையும் கூடவே கொண்டுவந்துவிடுகிறாள் பாருங்கள், அதுதான் மாஸ்டரின் தலையெழுத்து.

அவர் மடித்துவைத்த துணியை உதறி மறுபடி மடிப்பாள். அவர் கழுவிய டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். அவர் பூட்டிய கதவை, அவர் எதிரிலேயே, ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். ஒருநாள் நாத்தனார் வீட்டுக்குப் போனபோது, புதிதாகத் தொங்கவிட்ட திரைச்சீலையின் ஓரத்தைத் தூக்கி, "மடிப்பு நேரா இல்லையே அண்ணி" என்றாள். அன்றோடு அந்த வீட்டிலிருந்து போன் வருவது நின்றுபோயிற்று. குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்று மாஸ்டர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார்.

"குத்தம் இருந்தாத்தானே நான் பாக்கறேன்?" என்பாள்.

வீட்டுக்குப் பின்னால், துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், கம்பிவலை அடித்த கூண்டு. அதில் மூன்று கோழிகள்: கறுப்பு, வெள்ளை, செவலை. செவலை அவளுடைய செல்லம். குஞ்சாக வந்தபோது மற்றவை மிதித்து மூலையில் கிடந்ததை, அட்டைப்பெட்டியில் பல்பு மாட்டிச் சூடு காட்டிப் பிழைக்கவைத்தவள் அவள். வேலையிலிருந்து வந்ததும், உடுப்புகூட மாற்றாமல், கல்லின்மேல் உட்கார்ந்து செவலையை மடியில் போட்டுக்கொள்வாள். அது அவள் மடியிலும் கையிலும் எதையாவது கொத்திக்கொண்டு கண் சொருகிக் கிடக்கும். அவள் இதுவரை ஒரு குறையும் சொல்லாத உயிர் இந்த வீட்டில் அது ஒன்றுதான். மாஸ்டருக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

கறுப்புக்கு இறகு கொட்ட ஆரம்பித்ததும் சோதனை தொடங்கியது.

கம்பெனியில் ஒரு வழக்கம். எந்தச் சட்டையையும் தனியாக வைத்துச் சரி, தப்பு என்று சொல்லக்கூடாது. வாங்குகிறவர்கள் பார்த்து முத்திரை போட்ட சட்டை ஒன்று மேஜையின் தலைமாட்டில் தொங்கும். அதுதான் சாம்பிள். சந்தேகம் வந்தால் அதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அதைப்போல இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் ரிஜெக்ட். சாம்பிளை யாரும் சோதிப்பதில்லை.

செவலைதான் சாம்பிள் என்று அக்கா முடிவு செய்தாள். பிறகென்ன, கறுப்பின் கொண்டையைச் செவலையின் கொண்டையோடு, கண்ணைக் கண்ணோடு, எச்சத்தை எச்சத்தோடு வைத்துப் பார்த்தாள். இரண்டையும் கைக்கொன்றாகத் தூக்கி எடை பார்த்தாள். செவலை கனம், கறுப்பு லேசு. செவலை அமைதி, கறுப்பு கத்தல். எல்லாப் பக்கத்திலும் கறுப்பு தோற்றது. அதன் முதுகில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினாள். அது இறகோடு சேர்ந்து உதிர்ந்தது. இன்னொன்றை ஒட்டினாள்.

மாஸ்டர் டீ டம்ளரோடு கூண்டின் எதிரே நின்று பார்த்தார். கறுப்பு மொட்டை முதுகோடு ஓடியது, மண்ணைக் கிளறியது, வெள்ளையை விரட்டியது. செவலை தட்டுக்கு முதல் ஆளாக வந்து கொத்து கொத்தென்று கொத்தியது. ஆனால் அது நகர்ந்த பிறகும் அந்தப் பக்கத்துத் தானியம் குறையாமல் கிடந்தது.

"இந்தா, எனக்கென்னவோ செவலை மேலதான் சந்தேகமா இருக்கு. சும்மா கொத்துது. உள்ள எறங்கற மாதிரி தெரியல."

"சாம்பிளைக் குறை சொல்லாதீங்க."

"சட்டைக்குச் சாம்பிள் சரி. கோழிக்கு ஏதும்மா சாம்பிள்?"

"உங்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. போயி வண்டியைத் தொடைங்க."

பிடித்த முயலுக்கு மூன்றே கால். கறுப்பைத் தனியாக அட்டைப்பெட்டியில் அடைத்தாள். அது போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் வேலியருகே வந்து, "மாஸ்டர், அக்கா யாரைத் திட்டறாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

லீவு நாளில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். மாஸ்டர் வண்டியை எடுத்து நிறுத்தித் திரும்பிப் பார்த்தால், பின் சீட்டில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் கறுப்பு. இன்னொன்றில் செவலை.

"இது எதுக்கு?"

"டாக்டர் எதோட வச்சுப் பாப்பாங்க? சாம்பிள் வேண்டாமா?"

மாஸ்டர் ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். எத்தனையோ பேர் வண்டியைச் சுவரில் மோதப் போனபோதுகூட அவர் அப்படிச் செய்ததில்லை. பிறகு கியரைப் போட்டார்.

மாட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கு அன்று ஏகப்பட்ட கூட்டம். கறுப்பைக் கையில் வாங்கி, முதுகை ஊதிப் பார்த்து, தோலில் முளைத்திருந்த முள்முள்ளான குருத்துகளைக் காட்டினார்.

"பழைய இறகு உதிருது, புதுசு வருது. அவ்வளவுதான். நல்லா இருக்கு, எடுத்துட்டுப் போங்க."

"இல்லீங்க டாக்டர். இதோட வச்சுப் பாருங்க, வித்தியாசம் தெரியும்" என்று செவலையைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள் அக்கா.

டாக்டரம்மா சலிப்போடு அதை வாங்கினார். கழுத்துக்குக் கீழே போன விரல்கள் அங்கேயே நின்றன.

"இது எத்தனை நாளா சாப்பிடல?"

"சாப்பிடுதுங்களே. மொதல் ஆளா தட்டுக்கு வருமே."

"வரும். கொத்தவும் கொத்தும். முழுங்காது. கோழி தனக்கு முடியலன்னு காட்டிக்காதும்மா. காட்டினா மத்தது கொத்தும்." அக்காவின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். "தீனி மொதல்ல வந்து தங்கற பை இது. ராத்திரி ரொம்பி இருக்கலாம், காலையில காலியா இருக்கணும். இது கல்லு மாதிரி அடைச்சிருக்கு. கனமா இருக்கேன்னு பாத்திருப்பீங்க, கனமே இதுதான். நாரு, நூலு ஏதாச்சும் முழுங்கியிருக்கும். வீட்ல நூல் கெடக்குமா?"

அக்கா முழங்கைக்கு மேல் ஒட்டியிருந்த வெள்ளை நூல் பிசிறு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கம்பெனியிலிருந்து தினமும் அவளோடு வீட்டுக்கு வருகிற பிசிறு.

தீனி போடக்கூடாது, கொஞ்சம் எண்ணெய் விட்டு, கட்டியை மெதுவாக நீவிவிட வேண்டும். மறுநாள் காலையில் பை இறங்கியிருந்தால் பிழைத்தது. அப்படியே இருந்தால் அறுத்து எடுக்க வேண்டும், அதைத் தாங்குமா என்று சொல்ல முடியாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்தவரைக் கூப்பிட்டார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று ஒரு வார்த்தை மாஸ்டரின் நாக்கு நுனியில் நின்றது. இந்த வார்த்தைக்காகக் கல்யாணம் ஆன நாளிலிருந்து காத்திருந்தவர் அவர். வழி முழுக்க அதை வாயிலேயே வைத்திருந்தார். வீடு வந்ததும் விழுங்கிவிட்டார். மனசு வரவில்லை.

சாயங்காலம் முழுக்க அவள் துவைக்கும் கல்லைவிட்டு எழுந்திருக்கவில்லை. எண்ணெய்க் கையோடு செவலையின் கழுத்தை நீவிக்கொண்டே இருந்தாள். விடுதலையான கறுப்பு அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்து கொக்கரித்தது. மாஸ்டர்தான் சமைத்தார். அவள் உப்புக் குறை சொல்லவில்லை. பாத்திரம் கழுவி வைத்தார். அவள் தூக்கிப் பார்க்கவில்லை. கதவைப் பூட்டிவிட்டு அவர் அவள் வருவாள் என்று நின்றார். வரவில்லை. கடைசியில் அவரே ஒருமுறை இழுத்துப் பார்த்தார். இரண்டு வார்த்தை திட்டினாளானால் நன்றாயிருக்கும் என்று இருந்தது அவருக்கு.

காலையில் அவர் பின்பக்கம் போனபோது அவள் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். செவலை மடியில். அவள் கைகள் அதன் முதுகின்மேல் இருந்தன; கழுத்துப் பக்கம் போகவில்லை.

"பாத்தியா?"

"இல்ல."

"பாக்காம என்ன பண்ற?"

"நீங்க பாருங்க." கோழியைத் தூக்கி அவர் முன்னால் நீட்டினாள். "நான் பாத்தா எனக்கு வேண்டியதுதான் தெரியும். கல்லுகூட மெத்துன்னு இருக்கும்."

மாஸ்டர் கோழியை ஒழுங்காகப் பிடித்துப் பழகாதவர். முதல் நாள் ஸ்டியரிங் பிடிக்க வருகிறவர்களைப்போல இறுக்கிப் பிடித்தார். விரலை இறகுக்குள் விட்டுத் துழாவினார். தோல் தளர்ந்து கிடந்தது. இன்னும் கொஞ்சம் கீழே, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கட்டி எங்கும் தட்டுப்படவில்லை. தன் விரலை நம்பாமல் முதலிலிருந்து பார்த்தார். செவலை அவர் சட்டைப் பட்டனைக் கொத்தியது.

"எறங்கிடுச்சும்மா. காலியா இருக்கு."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவள் கை கோழியின் கழுத்தை நோக்கி நீண்டது. பாதி தூரத்தில் நின்றது. பிறகு கையைத் திருப்பி இழுத்து, தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.