தம்பி சோதித்துப் பார்த்த சொல்

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். பழுது பார்த்த லிஃப்டில் முதலில் தான் மட்டும் ஏறி மேலும் கீழும் போய்வருவான். அதன் பிறகுதான் ஆட்களை ஏற்றுவான். எதைக் கேட்டாலும் "பாத்துட்டுச் சொல்றேன்" என்பது அவன் வாயில் ஊறிய பேச்சு. அவன் கைபட்ட லிஃப்ட் நடுவில் நின்றதாக ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை, உண்மை அது.

நாங்கள் மூவரும் ஒரே வீட்டில் இருந்தோம். அவன் மனைவி ஸ்பானிஷ் பேசி வளர்ந்தவள்; தமிழை எங்களிடம் பழகிக்கொண்டாள். அவன் வேலைக்குக் கிளம்பும்போது வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு, "தே கியேரோ" என்பாள். உன்மேல் அன்பாக இருக்கிறேன் என்று அர்த்தம். இவனோ பையைத் தோளில் மாட்டியபடி, "சரி, பாத்து இரு" என்று படியிறங்கிவிடுவான்.

"ஏண்டா, நீயும் திருப்பிச் சொன்னா முத்து உதிர்ந்துடுமா?" என்றேன் ஒருநாள்.

"அதில்லக்கா. 'தே ஆமோ'ன்னு இன்னொண்ணு இருக்காம், அதுதான் பெருசாம். இவ சொல்றது ரொட்டி வேணும்னு கேக்கவும் ஆகுற வார்த்தை. எது எவ்வளவு தாங்கும்னு தெரியாம எப்படிச் சொல்றது?"

சமையலறையிலிருந்து அவள் சிரித்தாள். "அண்ணி, உங்க தம்பி வார்த்தையையும் எடை போடுறாரு! அந்தப் பெரிய வார்த்தை பாட்டுக்கு, கல்யாணத்துக்கு. இது எங்கம்மாவுக்கு, தங்கச்சிக்கு, தினமும் என் உயிரை வாங்குற இவருக்கு."

"பாத்துட்டுச் சொல்றேன்," என்றான் அவன்.

பிறகு அவளுக்கு இதய வால்வு கெட்டது. ஆபரேஷன் செய்தாலும் பிழைப்பது கடினம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"மயக்க ஊசி போடறதுக்குள்ள சொல்லிடணும்க்கா," என்றான் தம்பி. அன்று சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் வெகுநேரம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான், வேறு ஆளில்லாத லிஃப்டை ஓட்டிப் பார்ப்பதுபோல.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவன், கிரீஸ் ஒட்டியிருப்பதுபோல் உள்ளங்கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றான். கதவு திறந்தது. தள்ளுகட்டில் நகர்ந்தது.

"தே கியேரோ!"

கத்தியேவிட்டான். கட்டிலைத் தள்ளியவர் திடுக்கிட்டு நின்றார். அவள் தலையைத் திருப்பி அவனையே பார்த்தாள். பிறகு, தினமும் அவன் சொல்லும் அதே குரலில், "சரி, பாத்து இரு" என்றாள்.

சிரித்தபடியே உள்ளே போனாள். திரும்பி வரவில்லை.

இப்போதும் கிளம்பும்போது அவன் வாசற்கதவருகே நின்று அதைச் சொல்கிறான். உச்சரிப்பு சுத்தமாக வந்துவிட்டது. பதில் என் நாக்கு நுனி வரை வரும். ஆனால் அது அவளுடைய பதில். அடுப்பைத் தணித்துவிட்டு, அவன் படியிறங்கி முடிக்கும்வரை சத்தமில்லாமல் நிற்கிறேன்.