கேட்டுக்கு வெளியே

"...அப்ப கேட்டுக்கு வெளியவே நிக்க வெச்சிடுவாரு, அவ்ளோதான?" என்று உபதேசியாரிடம் கேட்டார் மாமா. மாமா என்றால் என் அத்தையின் கணவர். நிற்கவைக்கிறவர் கடவுள். நிற்கவேண்டியது, அன்று காலை பிறந்து, பால் குடிக்கும் முன்பே அடங்கிப்போன மாமாவின் முதல் குழந்தை.

"ஞானஸ்நானம் ஆகலையேப்பா. நரகம்னு நான் சொல்லல. தண்டனை ஒண்ணும் கெடையாது. ஆனா ஆண்டவர் சமுகத்துக்குப் போக முடியாது."

"எம்மா நாளைக்கு?"

"எப்பவுந்தான்."

உபதேசியார் கெட்டவரல்ல. மாதா கோயிலில் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார். கல்லறைத் தோட்டத்துக்குள் இடமில்லை, மதிலுக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம் என்பதையும் தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

எழுபதுகளின் கடைசி அது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைகள் வரத் தொடங்கியிருந்தன. புதுவாயலில், ஆலைக்கு நடந்தே போகிற தூரத்தில், மாமாவும் அத்தையும் வாடகைக்கு இருந்தார்கள். எங்கள் வீடு திருவள்ளூரில். பெருமாளுக்கு மாலை கட்டுகிற குடும்பம். வேதக்காரரைக் கட்டிக்கொண்ட தங்கையைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர அப்பாவுக்கு மனம் வரவில்லை. அம்மாதான் என்னையும் இழுத்துக்கொண்டு புதுவாயலுக்கு வந்தாள். வரும்போது அப்பா வாய் திறக்காமல் ஒரு சின்னக் குப்பியில் பெருமாள் தீர்த்தம் கொடுத்தனுப்பினார். அவருடைய கோபம் அந்த அளவுக்குத்தான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

குழந்தைக்கு மூச்சு திணறியபோது அம்மா அந்தத் தீர்த்தத்தைத்தான் வாயில் விட்டாள். மாமாவைக் கூப்பிட ஆலைக்கு ஆள் போய், அவர் ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"ஆபத்துக்கு யாரு வேணா ஞானஸ்நானம் குடுக்கலாம்னு நீங்கதான சொன்னீங்க ஐயா? தண்ணிதான் ஊத்திக்கீறாங்களே" என்றார் மாமா.

"தலையில ஊத்தணும். பிதா சுதன் பரிசுத்த ஆவின்னு சொல்லணும். இவங்க இன்னா சொன்னாங்க?"

அம்மா தயங்கினாள். "கோவிந்தான்னு சொன்னேன்."

உபதேசியார் செல்லாது என்று தலையாட்டினார். பிறகு மாமா சொன்னார்: "ஃபாரத்தைத் தப்பா எழுதிட்டன்னு திருப்பி அனுப்புற குமாஸ்தாவா ஐயா அவரு?"

ஆலையில் எல்லாவற்றுக்கும் ஃபாரம் உண்டு. உள்ளே போவதற்கு டோக்கன் உண்டு. எண் பொறித்த வட்டமான பித்தளைத் தகடு. காலையில் அதைக் காட்டினால்தான் வாட்ச்மேன் கேட்டைத் திறப்பார். மாமாவின் சட்டைப் பையில் அது எப்போதும் இருக்கும். நான் அதைக் கேட்டு வாங்கி விளையாடுவேன்.

அம்மா அவள் பங்குக்குச் சொன்னாள். "போன பொறப்புல துளி பாக்கி இருந்துருக்கும்ணே. தீத்துக்கினு போயிடுச்சு. மறுக்கா வந்து உங்ககிட்டயே பொறக்கும்."

"ஒரு நாள் கூட இல்லாத கொழந்தைக்கு இன்னாம்மா பாக்கி?" என்றார் மாமா. பிறகு, "ஆனா உங்களுதுல திரும்பி வரவாவது வழி வெச்சிக்கீறாங்க" என்றார்.

தெருமுனை டீக்கடை பாய் கெட்டிலில் டீ கொண்டுவந்திருந்தார். கேட்காமலே அவரும் சொன்னார். "பச்சப்புள்ளைக்கு ஏது பாவம்? நேரா சொர்க்கத்துக்குப் போவும். போயி, அம்மா அப்பா வந்தாத்தான் நானும் உள்ள வருவேன்னு வாசல்லயே அடம் புடிச்சிக்கினு நிக்கும்."

மாமா அவரை வெகுநேரம் பார்த்தார். "நீ சொல்றதுதான் பாய் நல்லாக்கீது. நல்லாக்கீதுன்னு நம்ப முடியுமா?"

எனக்கு எட்டு வயது. இது என்னவோ பேச்சுப் போட்டி மாதிரியும், மாமா நடுவர் மாதிரியும் எனக்குப் பட்டது. முதல் பரிசு பாய்க்கு என்று முடிவு செய்துவிட்டேன். உள்ளறையில் அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பிற்பகலில் புறப்பட்டோம். உப்புப் பொட்டலம் என் கையில். மதிலுக்கு வெளியே மாமாவே குழி தோண்டினார். உபதேசியாரும் வந்திருந்தார். ஜெபம் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. அதனால் சொல்லவில்லை. ஆனால் தான் வெயிலில் நின்றுகொண்டு, தன் குடையைக் குழிக்கு மேலே பிடித்திருந்தார்.

துணிச்சுருளை இறக்குவதற்கு முன் மாமா சட்டைப் பையிலிருந்து டோக்கனை எடுத்து, துணி மடிப்புக்குள் செருகினார்.

"மாமா, உங்க டோக்கன்" என்றேன்.

"இருக்கட்டும் மருமவளே. உப்பைக் குடு."

இவர்கள் சொன்ன எதையும் நம்பாத மனிதர் டோக்கனை மட்டும் எதற்கு அங்கே வைத்தார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மண்ணுக்குள் காசு புதைத்து விளையாடுவோமே, அதுபோல் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் மாமா வேலைக்குப் போனார். மத்தியானம் சோறு கொடுக்க அம்மா என்னை அனுப்பினாள். ஆலைக்குப் போனால், மாமா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். காலையிலிருந்து அங்கேதானாம். தினமும் அவரோடு ஒரே பீடியைப் பங்கு போட்டுக்கொள்கிற வாட்ச்மேன் உள்ளே இருந்தார்.

"எனக்குத் தெரியாதா உன்ன? டோக்கன் இல்லாம உட்டா என் வேலை போயிடும். ஆபீஸ்லருந்து புதுசு தரட்டும். எங்கதான் தொலைச்ச?"

"மாமா தொலைக்கலை, அது..." என்று நான் ஆரம்பித்தேன். மாமாவின் கை என் தலைமேல் வந்து அழுத்தியது.

"எங்கியோ உழுந்துடுச்சு" என்றார்.

பெரியவர் பொய் சொல்கிறாரே என்பதுதான் எனக்கு உறுத்தியது. அவரை நல்லவர் என்று நினைத்திருந்தேன்.

"சரி, அங்க பந்தல் நெழல்ல போயாவது குந்துய்யா. எம்மா நேரம் இப்டியே நிப்ப?" என்றார் வாட்ச்மேன்.

பந்தல் பத்தடி தூரத்தில் இருந்தது. பெஞ்சும் பானையில் தண்ணீரும் இருந்தன. நான் தூக்குச்சட்டியோடு அங்கே போய் உட்கார்ந்து, மாமாவைக் கூப்பிட்டேன். அவர் வரவில்லை. கேட்டைப் பார்த்தபடி, வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தார்.